எனக்குக் கிட்னியில் கல் இல்லை, மகனே

நேற்று நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வைக்க ஏலாது. கிழிக்கலாம், ஆனால் நீ கிழிக்கமாட்டாய். கையில் எடுத்த எதையும் கடைசிவரை வாசிக்காமல் விடாத குணம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. "அம்மா, உங்களுக்கு விசரா? பக்கத்து வீட்டு ரெஜினா அன்ரிக்குப் போய் ஆரும் சொல்லுவினமா? இஞ்ச கொழும்பில இருக்கிற அவவின்ட மகன் எனக்குப் போன் எடுத்து, அம்மாவுக்குக் கான்சராமே எண்டு கேக்கிறான். நான் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்குத்தான் இது பதில். எனக்கு விசர் இல்லை. முப்பது வருடம் துறைமுக அலுவலகத்தில் இலிகிதராக இருந்தவள் நான். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் எந்தப் பொருள் எந்தக் கப்பலில் போய்ச் சேரும் என்று அறிந்தவள். நீ என் நோயின் பெயரை, என் வருத்தத்தின் பெயரை மாற்றி எழுதிவிட்டு, அதைத் திருத்திய என்னை விசர் என்கிறாய். எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

உன்னை ஏசுவதற்கு முன் என்னை ஏசிவிடுகிறேன். அதுதான் நியாயம். மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குப் பிறகு எனக்கு மறுபடி இரத்தம் பட்டது. முதலில் ஒரு சொட்டு. பிறகு மாதத்தில் இரண்டு மூன்று நாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள் ஏன் போகவில்லை என்று உன் தங்கச்சி கேட்டபோது முழங்கால் நோகிறது என்றேன். தீட்டோடு கோயிலுக்குள் போகக்கூடாது என்று பன்னிரண்டு வயதில் தலையில் ஏறியது, அறுபது வயதிலும் இறங்கவில்லை. அம்மனுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேனே தவிர, டொக்டருக்குத் தெரியவேண்டும் என்று நினைக்கவில்லை. நீ கொழும்பிலிருந்து முழங்காலுக்குப் போடும் பட்டி வாங்கி அனுப்பினாய். எண்ணெய் அனுப்பினாய். மாடிப்படி ஏறவேண்டாம் என்று நாளாந்தம் போனில் புத்தி சொன்னாய். நல்லாயிருந்த இரண்டு முழங்காலுக்கும் எட்டு மாதம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதமும் வருத்தம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது என் முட்டாள்தனம். அதற்கு நீ பொறுப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடப் பெரிய பிழை. உன் பெரியம்மா கட்டைபறிச்சானில் செத்தபோது உனக்குப் பத்து வயது. வயிற்றுப் புண் என்று உனக்குச் சொன்னோம். அவவுக்கும் அதைத்தான் சொன்னோம். அவவுக்கு வந்தது கருப்பையில் புற்றுநோய். கான்சர் என்றால் தாங்கமாட்டா என்று அத்தான் சொன்னார், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நாலு பிள்ளை பெற்று, வயலில் ஆம்பிளைக்குச் சரியாக நின்று வேலை செய்த மனுசி என்ன சொன்னாலும் தாங்கியிருப்பா. நாங்கள்தான் சொல்லத் தாங்காமல் இருந்தோம். கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லு பிள்ளை, எனக்கென்ன வருத்தம்?" என்று கேட்டா. "புண்தான் அக்கா, மாறிவரும்," என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கோபத்தோடு போனா என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கோபப்பட அவவுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அந்தப் பொய் அன்றோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆபரேஷனுக்கென்று நீ என்னைக் கூட்டிக்கொண்டுபோன சென்னை ஆஸ்பத்திரியில், டொக்டருக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் இருந்தபோதுதான் அது உயிரோடு எழும்பி வந்தது. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்திருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டா. நீ என்னை முந்திக்கொண்டு, "இல்லை டொக்டர், அப்படி ஒண்டும் இல்லை," என்றாய். நீ பொய் சொல்லவில்லை. நாங்கள் உனக்குத் தந்த பொய்யை உண்மை என்று நம்பி, அப்படியே எடுத்துக் கொடுத்தாய். "இல்லை டொக்டர்," என்றேன் நான். "என்ட அக்காவுக்கு நாற்பத்தாறு வயசில கருப்பையில கான்சர் வந்தது. என்ட அப்பாவுக்கு அம்பது வயசுக்கு முதல் குடலில வந்தது." இருபத்தாறு வருடத்தில் முதல்தரம் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. நீ என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாய். டொக்டர் பேனையை எடுத்துக் கனநேரம் எழுதினா.

அதுவரைக்கும் எனக்கு வந்தது என்ன என்று நீ எனக்கே சொல்லியிருக்கவில்லை. சின்னக் கட்டி, சின்ன ஓட்டை, மூன்று நாளில் வீட்டுக்கு வரலாம் என்றாய். டொக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்ணப்போறோம்னு தெரியுமாம்மா?" என்று கேட்டா. "கட்டி எண்டு மகன் சொன்னவர்," என்றேன். அவ உன்னைப் பார்த்தா. நீ சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாய். பழைய ஸ்கான் படங்களை எடுத்துவரும்படி உன்னை வெளியே அனுப்பிவிட்டு, கதிரையை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் படம் கீறி எல்லாவற்றையும் சொன்னா. கருப்பை, சூலகங்கள், பக்கத்தில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னா. உன்னையும் தங்கச்சியையும் வயிற்றை வெட்டி எடுத்ததால் உள்ளே தழும்பு ஒட்டிக்கிடக்கும், அதை நுணுக்கமாகப் பிரித்தெடுக்க ரோபோக் கருவி வசதி, வேறு முறையிலும் செய்யலாம், இடையில் சிக்கல் வந்தால் வயிற்றைத் திறக்கவேண்டியும் வரலாம் என்றா. ஒளிக்காமல் சொன்னதால் எனக்கு அவவில் நம்பிக்கை வந்தது.

ரோபோ என்றால் நான் பயந்து ஓடிவிடுவேன் என்றுதானே அதையும் மறைத்தாய்? நான் கேட்டதைச் சொல்கிறேன், கேள். "அந்த மெசின் எனக்குள்ள தன்ட பாட்டில ஏதும் செய்யுமோ?" என்றேன். டொக்டர் சிரித்தா. "நான் கையை அசைக்காம அது ஒரு நூல்கூட அசையாதும்மா. நான் அதே ரூம்ல, ஒரு பெட்டிக்குள்ள கண்ணை வச்சு உங்க உள்ளுறுப்பைப் பெருசாப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கை என்னோடது. அதோட விரல் மட்டும்தான் சின்னது," என்றா. எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. எத்தனை வருடம் அந்த அலுவலக யன்னலால் பைலட் ஐயா கப்பலேறுவதைப் பார்த்திருப்பேன்! எவ்வளவு பெரிய வெளிநாட்டுக் கப்பல் வந்தாலும் எங்கள் துறைமுகத்துக்குள் கொண்டுவருவது அவர்தான். சுக்கானைத் தொடவே மாட்டார். பக்கத்தில் நின்று சொல்லுவார், வேறொருவன் திருப்புவான். அதற்காகக் கப்பல் தானாக வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஏறியவுடன் அவர் முதலில் கேட்பது, கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் தாழ்ந்திருக்கிறது என்பதைத்தான். அதில் கப்டன் பொய் சொன்னால் எப்படிப்பட்ட பைலட்டாலும் தரைதட்டாமல் காப்பாற்ற ஏலாது. குடும்பத்தைப் பற்றி டொக்டர் கேட்டதும் அதே கேள்விதான். சம்மதப் பத்திரத்தை நானே வாசித்து, நானே கையெழுத்து வைத்தேன். நீ ஸ்கான் படத்தோடு திரும்பி வந்தபோது என் கையெழுத்து காய்ந்திருந்தது.

ஆபரேஷனுக்கு அடுத்த நாள் பின்னேரமே எழும்பி நடந்தேன். வயிற்றில் வரிசையாக ஐந்து சின்னக் காயம், அவ்வளவுதான். நீ என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாய், தலை வாரிவிட்டாய், இடியப்பம் தேடிச் சென்னை முழுக்க அலைந்தாய். அதை நான் மறக்கவில்லை. உனக்கு என்மேல் அன்பில்லை என்று யாரும் சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன். ஆனால் மகனே, அன்பு இருக்கிறவன் வாயை மூடவேண்டும் என்று யார் உனக்குச் சொல்லித் தந்தது? நான்தான் சொல்லித் தந்தேன். பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் தொடங்கிவைத்த பாடம் அது. அந்தப் பாடத்தைத்தான் இப்போது திருப்பி எடுக்கிறேன்.

அன்புவழிபுரத்து வீட்டுக்கு நான் வந்து சேர முதலே என் வருத்தம் கிட்னிக் கல்லாக மாறிவிட்டிருந்தது. நீ போட்ட கதை எவ்வளவு நன்றாகப் பரவியது தெரியுமா? ரோபோவைப் பற்றி மட்டும் ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறாய். எத்தனை கை, எவ்வளவு நுட்பம், எப்படிப்பட்ட கமெரா, எல்லாம் சொன்னாயாம். அந்தக் கை எந்த உறுப்புக்குள் போனது என்பதை மட்டும் மாற்றிவிட்டாய். சனம் வாழைத்தண்டோடு வந்தது. பார்லித் தண்ணீரோடு வந்தது. "தக்காளி விதை தொடாதீங்க அக்கா," என்று ஒருவர். "கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தனீங்களோ, காட்டுங்கோவன்," என்று இன்னொருவர். கருப்பையைப் பறிகொடுத்துவிட்டு வந்து, இல்லாத கல்லுக்காகக் காலையில் வெறுவயிற்றில் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். முதலில் முழங்கால், பிறகு கிட்னி. இந்த வீட்டில் ஒரு பெண்ணின் உடம்பில் எந்த உறுப்புக்கும் வருத்தம் வரலாம், அது ஒன்றுக்கு மட்டும் வரக்கூடாது. அதில் என்ன வெட்கம்? நீ பத்து மாதம் இருந்த இடம் அது. உன் தங்கச்சி இருந்த இடம். அதன் பெயரைச் சொல்ல உன் வாய் கூசுகிறது என்றால் எனக்கு உன்மேல் கோபம் வரத்தான் செய்யும்.

ரெஜினா அக்கா பதினொரு நாள் தொடர்ந்து சாறு கொண்டுவந்தா. பன்னிரண்டாம் நாள் அந்தக் கோப்பையை வாங்க என் கை வரவில்லை. "அக்கா, எனக்குக் கல்லில்லை. கருப்பையில கான்சர். எடுத்தாச்சு," என்றேன். அவ கோப்பையைக் குசினி மேசையில் வைத்தா. சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு மெல்ல, "எப்பிடித் தெரிஞ்சது உமக்கு?" என்று கேட்டா. இரத்தம் பட்டதைச் சொன்னேன். அவ எழும்பிப் போனா. அடுத்த நாள் காலையில் வெறுங்கையோடு வந்து நின்று, "எனக்கும் ரெண்டு மாசமாப் படுது. ஆருக்கும் சொல்லேல்ல," என்றா. உடனே ஓட்டோ பிடித்து இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனோம். முடிவு இன்னும் வரவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பயத்தில் அவ தன் மகனுக்குச் சொல்லியிருக்கிறா, அவன் உனக்குச் சொல்லியிருக்கிறான். நீ முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டாய். உன் முகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை, ராசா. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

நேற்று நான் உனக்குப் போன் எடுத்தது ரெஜினா அக்காவைப் பற்றிக் கதைக்க அல்ல. நீ என்னைக் கதைக்க விட்டால்தானே? அதற்கு முதல் நாள் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் பிள்ளை எனக்கு அழைத்தாள். சுகம் விசாரித்துவிட்டு, "பிள்ளைங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டாங்களாம்மா? உங்க ரிசல்ட் அனுப்பி ஒரு மாசம் ஆகுதே," என்றாள். குடும்பத்தில் இறங்கும் வருத்தமா என்று பார்க்க அங்கே எடுத்த இரத்தத்தின் முடிவு எனக்கு இன்னும் வரவில்லையே என்றேன். மற்றப் பக்கத்தில் அந்தப் பிள்ளை திகைத்துப்போனாள். உன் ஈமெயிலுக்கு அனுப்பினார்களாம். என் இரத்தம், என் பெயர், என் வருத்தம், ஆனால் கடிதம் உனக்கு. என் போனுக்கே மறுபடி அனுப்பச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். இது எங்கள் குடும்பத்தில் இறங்கிவரும் வருத்தம் என்று அதில் இருக்கிறது. என் அப்பாவிடமிருந்து எனக்கும் அக்காவுக்கும் வந்திருக்கிறது. என் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரத்தம் சோதித்தால் தெரியும். தெரிந்தால், வருத்தம் வர முன்பே கண்டுபிடித்துத் தடுக்க வழி இருக்கிறது.

அந்தக் கடைசி வரியையும் வாசித்துவிட்டா நீ ஒரு மாதம் சும்மா இருந்தாய்? ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு டாக்சியில் வரும்போதே சொன்னாயே, "அம்மா, என்ன முடிவு வந்தாலும் தங்கச்சிக்கு இப்ப ஒண்டும் சொல்லாதீங்க. ஆவணியில கலியாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா குழம்பிப்போகும். தாலி ஏறட்டும், பிறகு பாப்பம்," என்று. நான் "ஓம்" என்றேன். இந்தக் கடிதத்தில் நான் மிகவும் வெட்கப்படுகிற சொல் அந்த "ஓம்"தான். களைப்பில் சொன்னேன், மருந்து மயக்கத்தில் சொன்னேன் என்று சாட்டு வைத்திருந்தேன். இல்லை. நானும் அதைத்தான் நினைத்தேன். பெண்ணைப் பெற்றவளின் பயம் அது. அக்காவுக்குச் செய்ததையே என் வயிற்றில் பிறந்தவளுக்கும் செய்யத் துணிந்தேன். தாலி ஏறிய பிறகு தெரியவந்தால் அந்த வீட்டில் அவள் எந்த முகத்தோடு நிற்பாள் என்று நாம் இரண்டு பேரும் யோசித்தோமா? ஏமாற்றிக் கட்டிக்கொண்டவள் என்ற பெயர் அவளுக்கல்லவா வரும்? அந்த "ஓம்" இனி இல்லை.

இன்று காலை அவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முன்பு கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். முழங்காலிலிருந்து தொடங்கினேன். பெரியம்மாவைச் சொன்னேன். ரிசல்ட்டைக் கையில் கொடுத்தேன். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. கணக்கு ரீச்சர் அல்லவா, இரண்டுதரம் வாசித்தாள். "கிட்னிக் கல்லை எடுக்கக் கர்ப்பப்பை டொக்டரிட்ட ஆரம்மா போவினம்? உங்கட மருந்துச் சிட்டையில அவவின்ட பெயர் இருக்கு. நீங்க எப்ப சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள். எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அவளே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தாள். கதவைச் சாத்தவில்லை, எனக்கு முன்னாலேயே கதைத்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யோசிக்க ஒரு நாள் தரச்சொன்னாராம். நாளைக்கு வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் என் பிள்ளை அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். உயிரோடு இருக்கிற பிள்ளை அழுதால் தேற்றலாம்.

போனை வைத்துவிட்டு அவள் முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. "அண்ணா எடுத்திட்டாரோ?" என்று கேட்டாள். இரண்டு பேரும் என்று நேர்ஸ் பிள்ளை சொல்லியும் அது எனக்கு உறைத்திருக்கவில்லை. ரிசல்ட்டில் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள். மகன்மாருக்கும் என்று இருக்கிறது. என் அப்பாவை நினை. ஆம்பிளைதான். குடலில் வந்து ஐம்பது தாண்டாமல் போனார். நீ இதைப் பொம்பிளை வருத்தம் என்று தங்கச்சியின் பெயரில் பூட்டி வைத்தாய். உன் பெயரும் அதற்குள் இருப்பதை நீ பார்க்கவில்லை. அல்லது பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாய் என்றால், நான் எட்டு மாதம் முழங்காலுக்கு எண்ணெய் பூசியது மாதிரி நீயும் இந்த ஒரு மாதம் தனியாக இருந்து பயந்திருக்கிறாய். அப்படியானால் என் கோபம் பாதி போய்விடும், மீதி இருக்கும். உனக்கு முப்பத்தாறு வயது. மடியில் ஏறி விளையாட ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவளிடம் நீ எந்தப் பொய்யைக் கொடுக்கப்போகிறாய்?

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நானும் தங்கச்சியும் கொழும்புக்கு வருகிறோம். அவள் போன் எடுத்து இரத்தச் சோதனைக்கு நேரம் எடுத்துவிட்டாள். இரண்டு பெயர் கொடுத்திருக்கிறாள், இரண்டாவது உன்னுடையது. அன்றைக்கு வேலைக்கு லீவு போடு. பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போ. எதற்காக அம்மாவும் தங்கச்சியும் திடீரென்று வருகிறார்கள் என்று உன் மனைவி கேட்பாள். உட்கார்ந்து, குழந்தையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு உண்மையைச் சொல்லு. கிட்னியில் கல் என்று மட்டும் சொல்லிவிடாதே, மகனே. வாழைத்தண்டுச் சாறு குடிக்க எனக்கு இனி ஏலாது.

உன் அம்மா